அந்த வீடியோவில் கால்கள் தெரியவில்லை

போன வாரம் ஆர்க்கெஸ்ட்ராக்களில் புதிதாகத் தாளம் வாசிக்க வந்திருக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் வீடு தேடி வந்தீர்கள். செல்போனைப் பார்த்தே லத்தீன் அடி, ஆப்பிரிக்க அடி எல்லாம் கற்றுக்கொள்ள முடியுமா அங்கிள், எந்த சேனல் நல்லது என்று கேட்டீர்கள். அன்றைக்கு எனக்குப் பேசத் தெம்பில்லை. முழங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். மேரி, என் வீட்டுக்காரி, அதற்காக என்னைத் திட்டினாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கற்றுக்கொள்ள முடியும். நான் கற்றுக்கொண்டேன். சேனல்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை என் மேல்தான். அது எப்படி என்பதைச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறேன்.

முப்பத்துநாலு வருடம் மேடையில் தும்பா என்கிற உயரமான கைமேளம் அடித்தேன். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் திருவிழா, கட்சிக் கூட்டத்துக்கு முன்னால் ஆள் சேர்க்கும் கச்சேரி என்று நான் நிற்காத மேடை கிடையாது. கன்டெய்னர் லாரி சத்தத்துக்கு மேலே அடித்து அடித்தே என் கை கனத்துப் போனது. எனக்கு இந்தத் தொழிலைக் காட்டியவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்கும் பிடிக்காது. அவர் சொன்னது ஒன்றே ஒன்று. யார் தப்பு பண்ணினாலும் பண்ணட்டும், நீ மட்டும் கையை எடுக்காதே.

அவர் அப்படித்தான் இருந்தார். திருவொற்றியூரில் ஒரு கல்யாணத்தில் பாடகருக்குச் சரணத்தின் நடுவில் வரி மறந்துவிட்டது. பேப்பரைத் தேடுகிறார், கிடைக்கவில்லை. இவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அதே அடியைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டே இருந்தார். நடுநடுவே சின்ன உருட்டல்கள் போட்டார். சபையில் இருந்தவர்கள் அது தனி வாசிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள். பேப்பர் கிடைத்தது, பாட்டு தொடர்ந்தது. கல்யாண வீட்டுக்காரர்களுக்கு இன்றைக்கு வரைக்கும் விஷயம் தெரியாது. பாட்டு நின்றாலும் தாளம் நிற்கக் கூடாது என்று அன்றைக்கு மனதில் எழுதிக்கொண்டேன். எங்கள் குழுவை நடத்தியவர் கீபோர்டு வாசிப்பவர். பாஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவருக்கும் இதுவே சட்டம். மேடையில் கையை எடுத்தவனை அடுத்த கச்சேரிக்குக் கூப்பிட மாட்டார். சண்டை போட மாட்டார், காரணம் சொல்ல மாட்டார். போன் வராது, அவ்வளவுதான்.

இப்போது ஊரடங்குக் காலத்துக்கு வருகிறேன். கச்சேரி ஒன்றும் கிடையாது. பாஸ் அந்தச் சமயத்தில் தண்டையார்பேட்டைப் பெண் ஒருத்தியைக் குழுவில் சேர்த்தார். ஜாஸ்மின் என்று பெயர், இருபத்தைந்து வயது, எலக்ட்ரானிக் பேட் வாசிப்பாள். அந்தப் பேட்டைத் தட்டினால் தவில் வருகிறது, தபலா வருகிறது, தும்பாவும் வருகிறது. நான் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிய மூன்று தும்பாவும் அந்தப் பெண்ணின் சுண்டு விரலுக்குக் கீழே இருந்தன. பாஸ் என்னிடம் போனில் சொன்னார்: "உன்னாண்ட புச்சா எதனா இருந்தா சொல்லு மாமு. இல்லேன்னா கஷ்டம்பா. நான் இன்னா பண்றது?"

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வந்த பயம் அதுதான். என் இடம் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தில்தான் செல்போனைத் திறந்தேன். கற்கும் ஆசையில் திறந்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும், ஆனால் பொய்.

கியூபாக்காரர் ஒருவர் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். பின்னால் கோழி மேயும். இரண்டு குச்சிகளைத் தட்டி ஐந்து தட்டில் ஒரு சுற்றை முடிப்பார். மூன்று தட்டு ஒரு பக்கம், இரண்டு தட்டு இன்னொரு பக்கம். அதன் மேல்தான் மற்ற எல்லாமும் நிற்கிறது. வேகத்தைப் பாதியாகக் குறைத்து வைத்துக்கொண்டு அரிசி டின்னில் தட்டினேன். மேரி அரிசியைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொண்டாள். மூன்று மாதத்தில் கை ஓரளவுக்குப் படிந்தது. கோயில் திறந்ததும் முதல் வேலையாக அதை நற்கருணை அப்பம் வாங்கும்போது பாடும் பாட்டுக்கு அடித்துப் பார்த்தேன். பாடல் குழுவிலிருந்த ஒரு அம்மா பூசை முடிந்ததும் பிடித்துக்கொண்டார்: "நல்லாத்தான் கீது. ஆனா நன்மை வாங்கப் போற நேரத்துல இடுப்பு ஆடுது தம்பி. வாணாமே." சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். அங்கேயே எனக்கு ஒன்று உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அடுத்தது ஆப்பிரிக்க அடி. கானா நாட்டு வீடியோ ஒன்று கிடைத்தது. எங்கள் பக்கத்தில் கானா என்றால் தெருவில் பாடும் பாட்டு, அதை வைத்து மேரி பண்ணிய கிண்டல் தனிக் கதை. அந்த வீடியோவில் ஒருவர் இரும்பு மணியைக் குச்சியால் தட்டுகிறார். ஒரு சுற்றுக்கு ஏழு தட்டு. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அந்தச் சுற்று எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று காதுக்குப் பிடிபடாது. நான் வீடியோ ஆரம்பிக்கிற இடத்தில் விழும் தட்டையே முதல் அடி என்று வைத்துக்கொண்டேன். அங்கே என் காலைத் தட்டினேன், அங்கே தும்பாவில் கனமான அடியைப் போட்டேன். வீடியோவைப் போட்டவர் முன்பக்கத்தில் கொஞ்சம் வெட்டிவிட்டுப் போட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எட்டு மாதம். தினமும் இரண்டு மணி நேரம். மேரிக்கே அந்த ஏழு தட்டு பாடமாகிவிட்டது. பாத்திரம் தேய்க்கும்போது அதையே தட்டுவாள்.

அதை எடுத்துக்கொண்டு போய்ப் பாஸிடம் வாசித்துக் காட்டினேன். ஜாஸ்மின் அந்த மணிச் சத்தத்தைப் பேட்டில் பதிவு செய்துகொண்டாள். ஒரு தட்டுத் தட்டினால் மணி தானாக ஓடிக்கொண்டே இருக்கும், நான் அதன் மேல் தும்பா அடிக்கலாம். பாஸ் தலையை ஆட்டினார். என் இடம் தப்பியது.

அப்போதுதான் அந்தோணி வந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், சின்ன வயதிலிருந்து என் தோஸ்து. அவன் பெண் ஸ்டெல்லா ஒரு கானா நாட்டுப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். இம்மானுவேல் என்று பெயர். வியாசர்பாடிக்குக் கால்பந்து ஆட வந்தவன், முட்டி போனதும் அங்கேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு தங்கிவிட்டான். இந்தக் கல்யாணத்துக்கு அந்தோணி வீட்டில் நடந்த ரகளை கொஞ்சநஞ்சம் இல்லை. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மீதிப் பேர் வேடிக்கை பார்க்க வருவதாக இருந்தார்கள்.

அந்தோணி சொன்னான்: "பையன் சைடுல அவங்கம்மா மட்டும் தனியா வருது மாமு, அம்மாந்தூரத்துலேர்ந்து. அவங்க வூட்ல ஒரு வழக்கம் கீதாம். மருமவ கையப் புடிச்சிகினு மாமியாக்காரி ஆடிகினே கூட்டியாந்து உக்கார வைக்கணுமாம். அது நடக்கலேன்னா அந்தம்மா மனசு ஆறாதுன்னு பையன் சொல்றான். நீதான் அந்த ஊரு அடியெல்லாம் கத்துகினு கீறியே. எங்க ஜனம் பூரா சிரிக்கறதுக்குன்னே வருது. எம்பொண்ணு மானம் உங்கையில கீது."

"வுடு, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

மூன்று மணிக்குக் கோயிலில் திருமணம் முடிந்தது. பங்கு மண்டபத்தில் வரவேற்பு. கூட்டம் நிறைந்திருந்தது. இம்மானுவேலின் அம்மா நீலமும் மஞ்சளும் கலந்த உடுப்பில், தலையில் அதே துணியைக் கட்டிக்கொண்டு, வாசலில் ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறுபது வயதிருக்கும். பாஸ் கையைக் காட்டினார். ஜாஸ்மின் மணியை ஓடவிட்டாள். நான் தும்பாவில் இறங்கினேன். எட்டு மாத உழைப்பு, ஒரு தட்டு பிசகவில்லை.

அந்த அம்மா மணியைக் கேட்டதும் முகம் மலர்ந்து காலை எடுத்து வைத்தார். ஒரு அடி, இரண்டு அடி. என் கனமான அடி விழுந்ததும் அவர் கால் தடுமாறியது. நின்றார். சிரித்துக்கொண்டே மறுபடி தொடங்கினார். மறுபடி தடுமாறினார். மூன்றாம் முறை ஸ்டெல்லாவும் சேர்ந்து தடுமாறினாள், புடவை காலில் சிக்கியது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு மெதுவாக முன்வரிசைக்கு வந்தது.

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். அந்த அம்மாவுக்குத்தான் தாளம் வரவில்லை என்று நினைத்தேன். வயசாகிவிட்டது, கூட்டத்தைப் பார்த்து வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். பிறந்ததிலிருந்து அந்த மணியைக் கேட்டு நடந்தவர் தப்பு, செல்போனில் பார்த்த நான் சரி. அவருக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு இன்னும் சத்தமாக அடித்தேன். எட்டுச் சுற்று அப்படி அடித்தேன். எனக்கு எண்ணிக்கை தெரியும், தொழில் அது.

அந்த அம்மாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. ஸ்டெல்லாவின் கையை மெதுவாக விட்டார். அவள் கன்னத்தைத் தொட்டார், ஏதோ சொன்னார், திரும்பிச் சுவரோரம் இருந்த நாற்காலியைப் பார்த்து நடந்தார். ஸ்டெல்லா மண்டபத்துக்கு நடுவில் தனியாக நின்றாள். அந்தோணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. "வுடாத, ஓட்டு ஓட்டு, அடுத்த பாட்டுக்குப் போய்டலாம்" என்று பாஸ் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் கையை எடுத்தேன்.

முப்பத்துநாலு வருடத்தில் அதுதான் முதல் தடவை. ஜாஸ்மின் பயந்துபோய் மணியையும் நிறுத்திவிட்டாள். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பாஸ் என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, இனிமேல் போன் வராது என்று. வீரமாக நின்றேன் என்று நினைக்காதீர்கள். அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த அம்மா மணிக்குத்தான் கால் எடுத்தார், என் அடிக்குத்தான் தடுமாறினார் என்பது மட்டும் புத்தியில் பட்டது.

"மணிய மட்டும் வுடும்மா" என்றேன் ஜாஸ்மினிடம்.

"அங்கிள், பாஸ் முறைக்கிறாரு."

"முறைக்கட்டும். மெதுவா வுடு. நான் அடிக்க மாட்டேன்."

மணி ஓடியது. வெறும் ஏழு தட்டு. நாற்காலிக்கு இரண்டடி முன்னால் அந்த அம்மா நின்றார். முதுகு எங்கள் பக்கம். நான் மேடை ஓரத்துக்கு வந்து அவர் காலைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டார். வலது குதிகால் தரையில் விழுந்தது. பிறகு இடது. ஒரு சுற்றுக்கு நாலு முறை, அவசரமே இல்லாமல். அந்த நாலில் ஒன்றுகூட நான் எட்டு மாதம் கால் தட்டிய இடத்தில் விழவில்லை. நான் முதல் அடி என்று வைத்திருந்தது அவருக்குச் சுற்றின் நடுவில் எங்கேயோ போகிற போக்கில் வருகிற தட்டு. மணி சரியாகத்தான் இருந்தது. அதன் மேல் நான் வைத்த கனம்தான் தப்பான இடத்தில் இருந்தது. வீட்டையே தப்பான கடைக்கால் மேல் கட்டிவிட்டு, உள்ளே வருகிறவருக்கு நடக்கத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த வீடியோவை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். மணி தெரியும், கை தெரியும், கை விரலில் இருந்த வெள்ளி மோதிரம்கூடத் தெரியும். கால் தெரியாது. படம் இடுப்போடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் நான் யோசிக்கவில்லை.

ஜாஸ்மின் என்னைவிடச் சுறுசுறுப்பு. "பாத்துட்டேன் அங்கிள், கால் வுழுறப்போ நான் கீழ அடி போடறேன்" என்று பேட்டில் ஒரே ஒரு தாழ்ந்த அடியை வைத்தாள். நான் தும்பாவில் விரல் நுனியால் அவர் குதிகால் விழும்போது மட்டும் தொட்டேன். அந்த அம்மா திரும்பினார். திரும்பி வந்து ஸ்டெல்லாவின் கையைப் பிடித்தார்.

பிறகு நன்றாக நடந்தது என்று முடித்துவிடலாம். ஆனால் எட்டு மாதப் பழக்கம் ஒரு நிமிடத்தில் போகாது. பாதி மண்டபம் வந்ததும் என் கை பழைய இடத்துக்கே நழுவியது. அவர் நிற்கவில்லை. என்னை நேராகப் பார்த்துக் காலை ஓங்கித் தரையில் அடித்தார். இங்கே, இங்கே என்று காலால் சொன்னார். நான் அவர் காலை விட்டுக் கண்ணை எடுக்காமல் கூடவே போனேன். முழங்கை தீயாய் எரிந்தது. மாமியாரும் மருமகளும் ஆடிக்கொண்டே மேடைக்கு வந்தபோது, இம்மானுவேலிடம் கால்பந்து கற்கும் வியாசர்பாடிப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து தரையை அதிர மிதித்தார்கள். சிரித்தவர்களும் கைதட்டினார்கள். அந்தோணி அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, உட்கார இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

சாமான் ஏற்றும்போது பாஸ் சொன்னது இவ்வளவுதான்: "நல்லபடியா முடிஞ்சிச்சி. ஆனா ஸ்டேஜ்ல கைய எடுத்துட்டியே மாமு." அடுத்த மாதம் எண்ணூரில் ஒரு கச்சேரி இருந்தது. எனக்குப் போன் வரவில்லை. ஜாஸ்மின்தான் போன் பண்ணி, "எனக்கு ஒரு மாதிரியா கீது அங்கிள்" என்றாள். போய் ஒழுங்காக வாசி என்றேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சட்டம் அவருக்கு, அந்தச் சட்டம் எத்தனையோ நாள் எனக்கும் சோறு போட்டிருக்கிறது. வருத்தம் இருக்கிறது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கையை எடுத்ததற்காக வருத்தம் இல்லை. எடுப்பதற்கு முன் அடித்த எட்டுச் சுற்றுக்குத்தான் வருத்தம்.

அந்த அம்மா ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் காலையில் இம்மானுவேல் அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தான். மேரி இட்லியும் மீன் குழம்பும் வைத்தாள். யாரிடம் கற்றாய் என்று அவர் கேட்டார். வெட்கத்தோடு செல்போனை எடுத்து அந்த வீடியோவைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் பார்த்தார். முடிந்ததும் மகனிடம் ஏதோ சொன்னார். இம்மானுவேல் பேசும் தமிழ் வியாசர்பாடி மைதானத்தில் கற்றது.

"அம்மா சொல்றாங்க அங்கிள், இவரு சோக்கா அடிக்கிறாராம். ஆனா யாருக்கோசரம் அடிக்கிறாருன்னு கேக்கறாங்க."

எட்டு மாதத்தில் எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. "தெரிலபா" என்றேன்.

அந்த அம்மா செல்போனைக் கவிழ்த்துக் கட்டில் மேல் வைத்தார். எழுந்தார். எங்கள் வீட்டில் கட்டிலுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும், இரண்டு பேர் எதிரெதிரே போக முடியாது. அங்கே செருப்பில்லாத காலோடு நின்று என்னைப் பார்த்துக் காத்திருந்தார். தும்பா எல்லாம் உறை போட்டுப் பரண் மேலே ஏறிவிட்டது. மேரி பழைய அரிசி டின்னை எடுத்து என் மடியில் வைத்தாள். அவர் நாலடி நடந்தார், திரும்பி நாலடி நடந்தார். நான் தட்டினேன். முழங்கை வலித்தது. அவர் கால் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.